தம்பி வாங்கி வைத்திருக்கும் 'மூளை பெப்டைடு': செமாக்ஸ், டைஹெக்ஸா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்:

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. வேலையை விட்டுவிட்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். கெட்டிக்காரன்தான், ஆனால் போன முறை மெயின்ஸில் தவறியதிலிருந்து தன் மூளை போதவில்லை என்ற எண்ணம் அவனைப் பிடித்துக்கொண்டது. காபி, அப்புறம் ஏதேதோ மாத்திரை என்று போய், இப்போது பெப்டைடில் வந்து நிற்கிறான்.

ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினிய வளையம், அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'என்-அசிட்டைல் செமாக்ஸ் அமிடேட்' என்று லேபிள், அதற்குக் கீழே 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில். யார் தயாரித்தது, எந்த பேட்ச், எப்போது காலாவதி, எதுவும் இல்லை. இதைத் தண்ணீரில் கரைத்து மூக்கில் அடித்துக்கொள்கிறான். இன்னொன்று டைஹெக்ஸா. அதை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைத்து ராத்திரி முன்கையில் தடவிக்கொள்கிறான். தடவிய நாளில் பக்கத்தில் போனாலே அவன் மூச்சில் பூண்டு வாடை.

கேட்டால் வரிசையாகப் பதில் வைத்திருக்கிறான். ரஷ்யாவில் பல வருடமாக மருந்துக்கடையில் விற்கிறது, பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டுதானே, சாப்பாட்டில் இல்லாததா, ஆயிரக்கணக்கான பேர் எடுக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதாகச் செய்தி இல்லை, டைஹெக்ஸா மூளையில் நரம்பு செல்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தை விட ஒரு கோடி மடங்கு வீரியம், இப்படி. அவனோடு வாதாட எனக்கு அறிவியல் தெரியாது. சண்டை போட்டால் ஒளித்து வைத்து எடுப்பான் என்பது மட்டும் தெரியும். இதில் எது உண்மை, எது இல்லை? இரண்டும் ஒரே அளவு ஆபத்தா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

வோல்கா:

நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன், இப்போது இங்கே பொது மருத்துவம் பார்க்கிறேன். செமாக்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. செமாக்ஸ் உண்மையிலேயே அங்கே பதிவான மருந்து. மாஸ்கோவில் உள்ள மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் 1980களில் உருவாக்கினார்கள். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, அது சீக்கிரம் உடைந்துபோகாமல் இருக்க வால் பக்கம் மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்தார்கள், மொத்தம் ஏழு. ஹார்மோன் வேலை போய்விட்டது, நரம்பு மண்டலத்தின் மீதான வேலை மட்டும் நின்றது என்பது அவர்கள் கணக்கு. மூக்குச் சொட்டாகத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். 'சாப்பாட்டில் இல்லாததா' என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது பாருங்கள். சாப்பாட்டில் வரும் பெப்டைடைக் குடல் உடைத்துவிடும். அந்தக் குடலைத் தவிர்ப்பதற்குத்தான் இவர் மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் போகிறார்.

அங்கே 1 சதவீதச் சொட்டு பக்கவாதம் வந்தவர்களுக்கு, 0.1 சதவீதம் அதைவிட லேசான பிரச்சினைகளுக்கு. ஆய்வுகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் சிறியவை, ரஷ்ய மொழியில் வெளியானவை, வெளியே பெரிய அளவில் யாரும் திரும்பச் செய்து பார்க்காதவை. நோயாளியிடம் சில நாட்கள் கொடுத்துப் பார்ப்பது வேறு, நல்லா இருக்கும் 26 வயதுப் பையன் தேர்வு முடியும்வரை மாதக்கணக்கில் எடுப்பது வேறு. அங்கே பெட்டியோடு வரும் துண்டுத்தாளிலேயே வலிப்பு வந்தவர்களுக்கும் கடுமையான மனநிலைப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் கூடாது என்று போட்டிருக்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்ததா? தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் வந்திருந்தால்கூட ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது அந்த லேபிள். 'என்-அசிட்டைல் செமாக்ஸ் அமிடேட்' ரஷ்ய மருந்துக்கடையில் விற்கும் செமாக்ஸ் இல்லை. அதே ஏழு அமினோ அமிலங்களின் இரண்டு முனையிலும் வேதியியல் மாற்றம் செய்த வேறு பொருள், உடம்பில் இன்னும் அதிக நேரம் நிற்கட்டும் என்று. அதிக நேரம் நிற்கிறது என்றால் விளைவும் பக்கவிளைவும் அதே மாதிரி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. ரஷ்யாவில் இத்தனை வருட அனுபவம் என்று தம்பி சொல்கிறாரே, அந்த அனுபவம் அவர் கையில் இருக்கும் குப்பிக்குப் பொருந்தாது. இதை மட்டும் அவரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். படித்த பையன், யோசிப்பார்.

கண்விழிப்பு:

அக்கா, நான் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செமாக்ஸ் எனக்கு வேலை செய்தது. காலையில் அடித்தால் மனசு ஒரே இடத்தில் நிற்கும், மதியம் வரை சோர்வு தெரியாது. தலைவலி சில நாள் வரும், கொஞ்சம் எரிச்சல், மற்றபடி பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே எல்லோரும் விஷம் மாதிரி பேசுவது எனக்கு ஒப்பவில்லை. டைஹெக்ஸா நான் தொடவில்லை, அதைப் பற்றிப் படித்ததும் பயமாக இருந்தது. தம்பியிடம் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி 'நிறுத்து' என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார்.

மூன்றாம் ஷிப்ட்:

கண்விழிப்பு சொல்வதை நான் மறுக்கவில்லை, அவருக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் குப்பியில் இருந்தது செமாக்ஸ்தானா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த இழையில் யாரும் இன்னும் கேட்காத கேள்வி அது.

நான் ஹைதராபாத்தில் பெப்டைடு தயாரிக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். பெப்டைடு எப்படிச் செய்கிறார்கள் என்றால், சின்னப் பிசின் மணிகள் மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துக்கொண்டே போவார்கள், மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட முறை, 1984இல் அதற்கு நோபல் கிடைத்தது. ஒவ்வொரு முறை கோக்கும்போதும் கொஞ்சம் தவறும். ஒன்று விடுபட்ட சங்கிலி, இரண்டு முறை ஏறிய சங்கிலி, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிய அமினோ அமிலம் என்று கலவையாகத்தான் வரும், பிறகு சுத்திகரிப்பார்கள். ஏழு கண்ணி சங்கிலி சுலபமானதுதான், ஆனாலும் சுத்திகரிப்பில்தான் செலவு இருக்கிறது, மலிவாக விற்பவர் கைவைப்பதும் அங்கேதான்.

விற்பவர் 99 சதவீதம் என்று ஒரு சான்றிதழ் பி.டி.எஃப். அனுப்பியிருப்பார், அதில் ஒரே ஒரு உயரமான கோபுரம் மாதிரி கோடு இருக்கும். அது எச்.பி.எல்.சி. படம், கலவையில் இருக்கும் பொருட்களைப் பிரித்துக் காட்டும் சோதனை. புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருட்களில் இது எத்தனை பங்கு என்பது மட்டுமே அந்த 99. பொடியில் இருக்கும் ஈரமும் உப்பும் அதில் தெரியாது. இடவலம் மாறிய அமினோ அமிலம் இருந்தால் எடையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக் கருவியும் கண்டுபிடிக்காது, இரண்டும் ஒரே எடை. எல்லாவற்றுக்கும் மேல், கிருமி இருக்கிறதா, எண்டோடாக்சின் இருக்கிறதா என்பதை அந்தப் படம் காட்டவே காட்டாது. எண்டோடாக்சின் என்பது செத்த பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து வரும் பொருள். கொதிக்க வைத்தாலும் போகாது, கிருமியைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நிற்காது. ஊசி மருந்து என்றால் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 அலகுக்கு மேல் போகக் கூடாது, அதற்குத் தனிப் பரிசோதனை, தனி அறை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதிவிட்டால் இதில் எதையும் செய்யாமலே பொட்டலம் கட்டலாம். தம்பியிடம் அந்த பி.டி.எஃப். இருந்தால் அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில்தான் பேட்ச் எண் இல்லை என்கிறீர்களே, அப்படியென்றால் அந்தக் காகிதம் எந்தக் குப்பிக்கானது?

ஊசியாகப் போடவில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் இந்தப் பாதையில் போகிறவர்கள் அடுத்தது ஊசிக்குத்தான் வருகிறார்கள். 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் முதுமையை எதிர்க்கும் விழா ஒன்றில் பெப்டைடு ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் கவலைக்கிடமாகி செயற்கை சுவாசம் வரை போனார்கள். மருந்தா, கலப்படமா, கிருமியா, எது காரணம் என்று விசாரித்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆலையில் ஒரு பேட்ச் கெட்டால் நாங்கள் தேடி எடுத்துத் திரும்பப் பெறுவோம். இங்கே தேடுவதற்கு ஒரு எண்கூட இல்லை.

பூண்டு வாடை பற்றி: டி.எம்.எஸ்.ஓ. தோல் வழியாக ரத்தத்தில் கலந்து, உடம்பில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி மூச்சில் வெளியே வருகிறது, அதுதான் அந்த வாடை. டி.எம்.எஸ்.ஓ. தன்னோடு கரைந்திருப்பதையும் தோலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். பெப்டைடை மட்டும் பார்த்து இழுக்காது, அதோடு இருக்கும் அழுக்கையும், கையில் இருந்த சோப்பு, க்ரீம் எல்லாவற்றையும்.

நொய்யல்:

எல்லோருக்கும் நன்றி. கண்விழிப்பு தம்பி, நீங்கள் சொன்ன மாதிரி இரண்டையும் பிரித்தே பேசினேன். லேபிள் விஷயம் அவனை யோசிக்க வைத்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் டைஹெக்ஸாவில் பிடிவாதமாக இருக்கிறான். அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது, கம்பெனி அல்சைமருக்கு மருந்தாகவே கொண்டு வந்தது, குப்பை இல்லை என்கிறான். யாருக்கும் எதுவும் ஆனதில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். இதற்கு என்ன பதில்?

பெட்ரி தட்டு:

புற்றுநோய் செல்களில் வேலை செய்கிறேன், அதனால் டைஹெக்ஸா பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வந்தது உண்மை. ஆஞ்சியோடென்சின் 4 என்ற பெப்டைடை மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, மூளைக்குள் நுழையக்கூடிய, உடையாமல் நிற்கக்கூடிய ஒன்றை எடுத்தார்கள். 2013இல் வெளியான தாளில், மறதியை உண்டாக்கும் மருந்து கொடுத்த எலிகளும் வயதான எலிகளும் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைச் சீக்கிரம் கண்டுபிடித்தன என்று காட்டினார்கள். அந்த 'ஒரு கோடி மடங்கு' எங்கிருந்து வந்தது என்றால், புது நரம்பு இணைப்புகளை உண்டாக்க பி.டி.என்.எஃப். எவ்வளவு வேண்டும், இது எவ்வளவு வேண்டும் என்ற ஆய்வகக் கணக்கிலிருந்து. எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறது என்பதற்கான எண் அது. புத்தி எவ்வளவு கூடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் பயப்பட வேண்டிய எண் அது: அவ்வளவு நுண்ணிய அளவிலேயே வேலை செய்யும் பொருளை உங்கள் தம்பி எந்தத் தராசில் அளக்கிறார்?

சரி, எந்த வழியில் வேலை செய்கிறது? எச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியும், அது போய் ஒட்டும் சி-மெட் என்ற ஏற்பியும். கல்லீரல் திரும்ப வளர்வது, காயம் ஆறுவது எல்லாம் இந்த வழியில்தான். இதே சி-மெட் கட்டுப்பாடு இழந்தால் புற்றுநோய். பிறவியிலேயே அந்த மரபணு மாறியவர்களுக்கு ஒரு வகை சிறுநீரகப் புற்றுநோய் குடும்பத்தில் வருகிறது. நுரையீரல் புற்றுநோயில் ஒரு பிரிவினருக்கு சி-மெட்டை அடைப்பதற்கென்றே மருந்து இருக்கிறது, காப்மாடினிப் 2020இல், டெபோடினிப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எங்கள் துறையில் எந்தக் கதவை மூடுவதற்கு இத்தனை பாடுபடுகிறோமோ, அதே கதவைத் திறந்து வைக்கிற பொருளைத்தான் அவர் கையில் தடவுகிறார். டைஹெக்ஸா தடவினால் புற்றுநோய் வரும் என்று நான் சொல்லவில்லை, எதையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. உடம்பில் எங்காவது ஏற்கெனவே ஒரு சின்னக் கட்டி தூங்கிக்கொண்டிருந்தால் அதைத் தட்டி எழுப்புமா என்ற கேள்விக்குப் பதில் தரும் அளவுக்கு யாரும் மனிதர்களைப் பல வருடம் பின்தொடரவில்லை, அவ்வளவுதான். அதிலும் இது எலியின் ரத்தத்தில் நாள்கணக்கில் நின்ற பொருள். இன்று ராத்திரி தடவியதை நாளைக்கு வேண்டாம் என்றால் திரும்ப எடுக்க முடியாது.

கம்பெனி கதையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், தம்பி பாதியில் நிறுத்தியிருக்கிறார். டைஹெக்ஸாவை அடிப்படையாக வைத்து ஃபாஸ்கோனிமெடான் என்ற ஊசி மருந்தை அதிரா என்ற கம்பெனி கொண்டுவந்தது. 2021இல் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார், மாணவியாக இருந்தபோது அவர் எழுதிய ஆய்வேட்டிலும் சில ஆய்வுத்தாள்களிலும் படங்கள் மாற்றப்பட்டிருந்ததைக் கம்பெனி அமைத்த குழுவே கண்டுபிடித்ததால். அவர் மாணவியாக இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்துதான் டைஹெக்ஸா வேலை செய்யும் விதத்தைப் பற்றிய அடிப்படைத் தாள்களும் வந்தன. 2022இல் ஒரு சோதனை தோற்றது. 2024 செப்டம்பரில் பெரிய சோதனையும் தோற்றது, லேசானது முதல் நடுத்தரம் வரையான அல்சைமர் நோயாளிகளுக்குத் தினமும் ஊசி, 26 வாரம், முக்கிய இலக்கை எட்டவில்லை. 2025 ஜனவரியில், அந்தப் பட முறைகேட்டை மானியம் தந்த அரசு அமைப்புகளிடம் சொல்லாமல் மறைத்த குற்றச்சாட்டைத் தீர்க்க ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கட்டினார்கள். ஆக, கம்பெனி சுத்தமாகச் செய்த பொருளை, மருத்துவர் மேற்பார்வையில், நோய் இருந்தவர்களுக்கே கொடுத்தும் பலன் காட்ட முடியவில்லை. நோயே இல்லாத ஒருவர் பெயர் தெரியாத குப்பியிலிருந்து எந்தப் பலனுக்காக இதை எடுக்கிறார்?

கடைசியாக 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பது. யார் எண்ணினார்கள்? பெஜினெசடைடு என்று ஒரு பெப்டைடு மருந்து, டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தசோகைக்கு. எல்லாச் சோதனையும் தாண்டி 2012 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி. ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துப் பார்த்தபோது உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை. சந்தைக்கு வந்து 25,000 பேருக்கு மேல் கொடுத்த பிறகு, முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை வந்து சிலர் இறந்தது தெரிந்தது. இறப்பு சுமார் 0.02 சதவீதம், அதாவது 5,000 பேரில் ஒருவர். 2013 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். டயாலிசிஸ் மையத்தில், செவிலியர் கண்ணெதிரில் கொடுத்ததால்தான் அது கணக்கில் வந்தது. வீட்டில் தனியாக எடுக்கிறவருக்கு ஏதாவது ஆனால் அவர் ஆன்லைனில் வந்து எழுதப் போவதில்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் நல்லா இருக்கிறவர்கள்தான். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மருந்துக்கடைகள் தாமே கலந்து தரும் பொருட்களில் பாதுகாப்புக் கவலை உள்ளவை என்று ஒரு பட்டியல் போட்டபோது செமாக்ஸ், டைஹெக்ஸா இரண்டும் அதில் இருந்தன.

கண்விழிப்பு:

பெட்ரி தட்டு, நன்றி. பெஜினெசடைடு பற்றி எனக்குத் தெரியாது. என் குப்பியிலும் பேட்ச் எண் இல்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்.

வோல்கா:

நொய்யல், நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். டைஹெக்ஸாவை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், அதில் பேரமே வேண்டாம். செமாக்ஸில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தால் போதும், அதற்காகச் சண்டை போட்டு டைஹெக்ஸாவைக் கோட்டைவிட வேண்டாம். ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், குப்பியையும் எடுத்துப் போங்கள், மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் பார்க்கலாம். எல்லாம் நார்மல் என்று வந்தால் 'பார்த்தாயா, ஒன்றும் இல்லை' என்பார், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். பெட்ரி தட்டு சொன்ன மாதிரி ஆபத்து இந்தப் பரிசோதனைகளில் தெரிகிற வகை இல்லை. முகம் வீக்கம், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, வலிப்பு, இதில் ஏதாவது வந்தால் யோசிக்காமல் 108.

அப்புறம் ஒன்று, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இந்த வயதில் மூளை போதவில்லை என்று என்னிடம் வருகிற தேர்வு எழுதும் பிள்ளைகளில் பலருக்குத் தூக்கமோ மனச்சோர்வோ இருக்கிறது. தேர்வில் தவறியதிலிருந்து இது ஆரம்பித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் காட்டிய சிகிச்சை.

நொய்யல்:

டைஹெக்ஸாவை என்னிடம் கொடுத்துவிட்டான். தூக்கம் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டான், அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை. மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டான். செமாக்ஸ் மட்டும் ஒரு கேள்வி கேட்கிறான்: அந்தக் குப்பியை ஏதாவது லேபுக்கு அனுப்பிச் சோதித்து, சுத்தம் என்று வந்தால் தொடரலாமா?

மூன்றாம் ஷிப்ட்:

அனுப்பலாம், சில லேப் தனிநபரிடமும் வாங்குகிறது. ஆனால் என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது, கிருமி, எண்டோடாக்சின் என்று எல்லாம் பார்க்க அந்தக் குப்பியில் பெரும்பகுதி செலவாகிவிடும். வரும் அறிக்கை சோதித்து முடித்த குப்பிக்கானது. அடுத்த பார்சலில் வருவது அதே பேட்ச்தானா என்று சொல்ல அவரிடம் எண் இல்லை, அதனால் ஒவ்வொரு குப்பிக்கும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். எல்லாம் சுத்தமாகவே வந்தாலும் அது சுத்தமான என்-அசிட்டைல் செமாக்ஸ் அமிடேட் என்று மட்டும்தான் தெரியும். அதை மாதக்கணக்கில் மூக்கில் அடித்தால் என்ன ஆகும் என்பது எந்த லேப் அறிக்கையிலும் வராது. அந்தக் காசை மருத்துவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.